பைப் ஆறாமல் இருக்க

சிரித்தால் பைப் ஆறிப்போகும் என்பதைக் கண்டுபிடிக்கச் செல்லையாவுக்கு மூன்று நாள் ஆயிற்று. நாற்பது வருசம் தேயிலை ஃபேக்டரியில் இலை உலர்த்துகிற ட்ரையர் பக்கத்தில் நின்ற மனுசன். தெர்மாமீட்டர் பொய் சொல்லும், புறங்கை சொல்லாது என்பது அவர் கட்சி. கையை வைத்தால் எண்பது டிகிரியா எழுபதா என்று சொல்லிவிடுவார், இரண்டு டிகிரிக்கு மேல் பிசகாது. அப்பேர்ப்பட்டவருக்கே மூன்று நாள் ஆனதென்றால் அந்தப் பெட்டி எத்தனை கள்ளத்தனமானது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

உலகத்துச் சூட்டைக் குறைக்கிறோம் என்று ஆறு வருசத்துக்கு முன்னால் பெரிய தேசங்கள் எல்லாம் சேர்ந்து வானத்தில் ஏதோ பொடியைத் தூவின. கீழே சமவெளியில் இருக்கிறவர்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள். கோத்தகிரிக்கு மேலே செல்லையா இருந்த தோட்டத்து லைன் வீடுகளில் மார்கழியும் தையும் குடத்துத் தண்ணீர் கல்லாகிப் போனது. தேயிலை கருகியது. ஃபேக்டரியை மூடினார்கள். முதல் வருசம் ஜனங்கள் வீட்டுக்குள் கரியடுப்பு மூட்டி, கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுத்தார்கள். மேல் லைனில் பதினோரு பேர் எழுந்திருக்கவில்லை.

அதோடு நெருப்புக்குத் தடை வந்தது. பனிக்காலக் கட்டுப்பாடு என்று பெயர். இரண்டு மாசம் வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது. செவ்வாய்க்கிழமை மட்டும் ரேஷனுக்குப் போகலாம். மத்தியானச் சோறு கேரியரில் வாசலுக்கு வரும். மூடின ஃபேக்டரியின் பாய்லரில் தண்ணீர் காய்ச்சி, நாற்பது வீட்டுக்கும் பைப் போட்டு அனுப்பினார்கள். ஒவ்வொரு வீட்டிலும் சுவரைச் சுற்றி ஒரு பைப் ஓடும். அந்தச் சூட்டில்தான் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடக்க வேண்டும்.

போன வருசம் வால்வைத் திறந்து மூட ஒரு சூப்பர்வைசரைப் போட்டிருந்தார்கள். அவன் தனக்கு வேண்டியவன் வீட்டுக்கு ஒரு திருகு அதிகம் திருகினான் என்று லைன் முழுக்கப் பேச்சு. மனுசன் கையே படாத ஏற்பாடு வேண்டும் என்று எல்லோரும் மனுக் கொடுத்தார்கள். அந்த மனுவில் முதல் கைநாட்டு செல்லையாவுடையது. மூணாங்கிளாஸ் வரை படித்தவர்தான், கையெழுத்துப் போடத் தெரியும். ஆனாலும் கையெழுத்தை எவனும் காப்பி அடிப்பான் என்று கட்டைவிரலைத்தான் வைப்பார்.

அந்த மனுவின் பலனாகத்தான் இந்த மார்கழிக்குப் பெட்டி வந்தது. மாட்ட வந்தவள் ரெஜினா என்று ஒரு பெண், குன்னூர்க்காரி, இருபத்தைந்து வயதிருக்கும். செல்லையாவின் மனைவி சரோசாவின் கட்டிலுக்கு மேலே சுவரில் துளை போட்டு மாட்டினாள். டிபன் டப்பா அளவு, முகத்தில் மூன்று சின்ன விளக்கு.

"இது என்னா, நாங்க பேசுறத ஒட்டுக் கேக்கவா?" என்றார் செல்லையா.

"இல்லீங்கய்யா. மூச்சு, நாடித் துடிப்பு, உடம்பு நடுக்கம், இதத்தான் பாக்கும். தொடாமலே பாக்கும். ஒரு வீட்டுல கஷ்டம் ஜாஸ்தியா இருந்தா மூணு விளக்கு எரியும், பைப்ல சூடு ஜாஸ்தி வரும். நிம்மதியா இருந்தா விளக்கு அணையும். அந்தச் சூட்ட கஷ்டப்படுற வீட்டுக்கு அனுப்பிரும்."

கட்டிலில் உட்கார்ந்திருந்த சரோசா கேட்டாள். "குளுரு கஷ்டமா, மனசுக் கஷ்டமா, கண்ணு?"

"அது ரெண்டையும் பிரிக்க அதுக்குத் தெரியாதும்மா. உடம்புக்கு எல்லாம் ஒண்ணுதான்." ரெஜினா ஸ்குருவை முறுக்கிக்கொண்டே செல்லையா பக்கம் திரும்பினாள். "இன்னொண்ணு ஐயா. ஒரே ரூம்ல ரெண்டு பேரு இருந்தா அது..."

"போதும் போதும். ட்ரையர் ஓட்டுனவன்கிட்ட வந்து சூட்டப் பத்திப் பாடம் எடுக்காத. இளைப்புக்காரி அவ. அவளப் பாக்கத்தான் அவ தலைக்கு மேல மாட்டியிருக்க. அம்புட்டுதானே?"

ரெஜினா வாயை மூடிக்கொண்டாள். சரோசாதான் அவளைச் சமையற்கட்டுக்குக் கூட்டிப் போய், மின்சாரக் கெட்டிலில் தண்ணீர் வைத்து, வெல்லம் போட்டுக் கருந்தேயிலை கொடுத்தாள். பொம்பளைகள் இரண்டு பேரும் அங்கே ரொம்ப நேரம் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். செல்லையா அந்த நேரத்தில் பெட்டியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை. அதற்காக அவர் நம்பிவிடவும் இல்லை.

சரோசாவுக்கு இருபது வருசத்து இளைப்பு. டாக்டர் புரட்டாசியிலேயே சொல்லி அனுப்பினார். சளி நெஞ்சுக்கு இறங்கவிடக்கூடாது, இறங்கினால் ஆஸ்பத்திரி வேண்டும், பனியில் ஆம்புலன்ஸ் மேலே ஏறாது. அவ்வளவுதான் விசயம். தை முடிகிற வரை வீடு ஆறக்கூடாது.

முதல் மூன்று நாள் இரண்டு பேரும் சந்தோசமாகத்தான் இருந்தார்கள். செல்லையா பழைய தலையணை உறையில் டஸ்ட் தேயிலையை ரொப்பித் தைத்து, பைப் மேல் போட்டுச் சூடாக்கி அவள் மார்பில் வைத்தார். மணலைவிடத் தேயிலைத் தூள் இதமாகச் சூட்டைப் பிடித்து வைக்கும், வாசமும் வரும். அவள் காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டார். ரேஷன் பச்சைப் பட்டாணியை உரித்துப் பச்சையாகவே தின்றார்கள். வெளியே ஒரு சத்தம் கிடையாது. பஸ் இல்லை, குருவி இல்லை, ஃபேக்டரிச் சங்கு இல்லை. தகரக் கூரையில் பனி இளகிச் சொட்டுகிற சத்தம் மட்டும் பத்து மணி வாக்கில் கேட்கும். கல்யாணமாகி நாற்பத்தியிரண்டு வருசத்தில் இப்படி எதிரும் புதிருமாக உட்கார நேரம் வாய்த்ததில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் பலகையில் சாக்பீஸால் கட்டம் போட்டுத் தாயம் ஆடினார்கள். அவர் தாயக்கட்டையை விரலால் புரட்டி வைத்ததை அவள் பார்த்துவிட்டாள்.

"சீட்டிங்! சீட்டிங்! செத்தாலும் இந்தப் புத்தி போகாது உங்களுக்கு!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவரும் சிரித்தார். பைப்பில் சாய்ந்திருந்த முதுகில் ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. புறங்கையை வைத்தார். காலையில் அறுபது இருந்தது நாற்பதுக்கு வந்திருந்தது. அண்ணாந்து பார்த்தார். ஒரு விளக்குத்தான் எரிந்தது.

சாயந்தரம் சரோசாவின் மூச்சில் மெல்லிசாக விசில் வந்தது. அதன் பிறகு இரண்டு விளக்கு எரிந்தது, பைப் சூடானது. வீடு எரிந்து முடிந்த பிறகு வருகிற வண்டி மாதிரி. அவளுக்கு இளைப்பு ஒருமுறை பிடித்தால் விடாது. அன்று இளைப்புக்கு வாயில் அடிக்கிற மருந்துப் பம்ப்பை எட்டு தடவை அடித்தாள். அந்த மாசத்துக்குக் கொடுத்திருந்ததே இரண்டு பம்ப்தான்.

நாலாம் நாள் வெல்ல டப்பா அவள் கைதவறி விழுந்தது. கட்டுப்பாடு முடிகிற வரைக்கும் அவ்வளவுதான் வெல்லம்.

"கண்ணு என்னா பொடதியிலயா இருக்கு? ஒரு டப்பாவப் புடிக்கத் துப்பில்ல!" என்று கத்திவிட்டார். அவள் பேசாமல் போய்க் கட்டிலில் உட்கார்ந்து முந்தானையைத் தலையில் இழுத்துக்கொண்டாள். அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஒரு டப்பாவுக்கு இவ்வளவா என்று தரையில் குத்துக்காலிட்டு வெல்லத்தைப் பொறுக்கினார். பொறுக்கும்போது முழங்கை பைப்பில் பட்டுச் சுட்டது. எழுபது. மூன்று விளக்கும் எரிந்தன. அன்று முழுக்க அவளுக்கு மூச்சு நூல் மாதிரி ஓடியது.

செல்லையா இரண்டு நாள் யோசித்தார். ட்ரையரில் ஒரு புது ரகத் தேயிலை வந்தால் கொஞ்சம் கொஞ்சமாகச் சூட்டை ஏற்றி இறக்கிப் பார்ப்பாரே, அதே மாதிரி சோதித்தார். அவள் பாடுகிறபோது பார்த்தார், ஆறியது. அவள் சோறு எடுத்து வைத்ததைக் குறை சொல்லிப் பார்த்தார், ஏறியது. சந்தேகமே இல்லை. இவள் சந்தோசமாக இருந்தால் குளிரில் போய்விடுவாள். இவள் அழுதால் பிழைப்பாள்.

அவளிடம் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தார். சொன்னால் திட்டு உறைக்காது, உறைக்காவிட்டால் பைப் ஏறாது. சொல்லவில்லை.

மறுநாள் காலையில் தாயப் பலகையை எடுத்துத் தண்ணீர் ஊற்றித் துடைத்தார். "கெழட்டு வயசுல என்னா வெளையாட்டு வேண்டிக்கெடக்கு" என்றார். அவள் ஆசையாகப் போட்டு வந்த கருந்தேயிலையை ஒரு மிடறு குடித்துவிட்டு, "கழனித்தண்ணி" என்று வாசலில் ஊற்றினார். ஊற்றின இடத்தில் அது உறைவதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார். உள்ளே வந்தால் மூன்று விளக்கு. அவள் முக்காடு போட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். தோள் லேசாக அசைந்தது.

இப்படியே மார்கழி ஓடியது. மனுசனுக்குத் திட்டுவதற்குக் கூடச் சரக்குத் தீர்ந்துபோகும். அவளுடைய பழைய சமையல் தீர்ந்தது, அவள் அண்ணன் தீர்ந்தான், அவள் கருப்பு தீர்ந்தது. பெட்டிக்கும் பழகிப்போனது போல. நேற்றைய திட்டுக்கு இன்று இரண்டு விளக்குத்தான் எரிந்தது. பக்கத்து வீட்டு டேனியல் இருமுகிற சத்தம் சுவர் வழியாக நாளுக்கு நாள் கூடிக்கொண்டே வந்தது. அந்த இருமல் எதனால் கூடுகிறது என்று செல்லையா யோசிக்கவில்லை. யோசிக்கவில்லை என்பதும் பொய். யோசனை வருகிறபோதெல்லாம் எழுந்து போய்ப் பைப்பைத் தொட்டுப் பார்த்தார்.

தைப் பொங்கல் அன்று மகள் மேகலாவுக்கு போன் போட வேண்டும் என்றாள் சரோசா. மேகலா திருப்பூரில் இருக்கிறாள். தன் விருப்பத்துக்குக் கல்யாணம் பண்ணிப் போனவள். ஏழு வருசமாக அந்தப் பக்கத்திலிருந்து போன் வந்ததில்லை. இவர்கள் போட்டாலும் எடுப்பதில்லை. பொங்கலுக்குப் பொங்கல் சரோசா போட்டுப் பார்ப்பாள், அவ்வளவுதான்.

அன்று ஒரு விளக்குத்தான் எரிந்துகொண்டிருந்தது. ஜன்னல் கண்ணாடிக்கு உள்பக்கமே பனி பூத்திருந்தது. அவள் மூச்சில் விசில் வரப்போகிற மாதிரி இருந்தது.

"போடாத" என்றார்.

"ஒரே ஒருவாட்டிங்க. எடுக்கலன்னா வெச்சிடுறேன்."

"எடுக்க மாட்டா. எப்பிடி எடுப்பா? வாசல்ல நின்ன புள்ளைய, செத்தாலும் மூஞ்சில முழிக்காதன்னு சொன்ன வாயி எது? ஒன் வாயி. எம்புள்ளைய ஓட்டிவிட்டவ நீ."

இப்போது அதைச் சொன்னது அவர். ஏழு வருசத்துக்கு முன்னால் வாசலில் நின்று அப்படிச் சொன்னவரும் அவர்தான். அது இரண்டு பேருக்கும் தெரியும். சரோசா அவரைப் பார்த்தாள். முக்காட்டை இழுத்துக்கொண்டாள். செல்லையா சுவரைப் பார்த்து நின்றார். எவ்வளவு நேரம் நின்றார் என்று தெரியாது. பைப் தொட முடியாத அளவுக்குக் கொதித்தது. ஜன்னல் பனி உருகி ஓடியது. வீட்டுக்குள் சட்டை இல்லாமல் இருக்கலாம் போல ஆயிற்று. எவ்வளவு காயப்பட்டிருந்தால் இப்படிக் கொதிக்கும் என்று நினைத்தார். பைப் அடுத்த பத்து நாளும் ஆறவில்லை.

பதினோராம் நாள் செவ்வாய்க்கிழமை. ரெஜினா வந்தாள். காது வரைக்கும் கம்பளி சுற்றியிருந்தாள். கையில் ஒரு ஸ்லேட்டு மாதிரித் திரை.

"ஐயா, தப்பா நெனைக்காதீங்க. ஒங்க வீட்டுல யாராச்சும் தவறிட்டாங்களா?"

"ஏன்? நாங்க ரெண்டு பேரும் குத்துக்கல்லாட்டம் இருக்கறது தெரியலயா?"

"இல்ல, நாப்பது வீட்டுலயும் இந்த வீட்டுலதான் கஷ்டம் ஜாஸ்தின்னு வருது. ஒங்களுக்குக் கொடுக்கறதால நாலு வீட்டுக்கு ரொம்பக் கொறஞ்சு போச்சு. பக்கத்து வீட்டு டேனியல் அண்ணனுக்கு நேத்து நெஞ்சுல சளி கட்டிருச்சு. பெட்டி கெட்டிருக்குமோன்னு பாக்கத்தான் வந்தேன்."

செல்லையா பைப்பை மறைத்துக்கொண்டு நின்றார். "கெடல்லாம் இல்ல. இவளுக்கு ஒடம்பு சொகமில்ல. மனசும் சரியில்ல" என்றார்.

"கண்ணு, டீ குடிச்சிட்டுப் பேசலாம் வா" என்று சரோசா அவசரமாக எழுந்தாள்.

ரெஜினா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மாவுக்கா? அம்மா நல்லா இருக்காங்களே. இங்க பாருங்கய்யா. கீழ படுத்துக்கெடக்குற இந்தக் கோடு அம்மாவோடது. பொங்கலன்னைக்குக் கொஞ்சம் தவிர ஒரு மாசமா அசையவே இல்ல. மேல மல மாதிரி ஏறி எறங்குறது..." நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "இது நீங்க."

"நானா?"

"ரூம்ல ரெண்டு பேரு இருந்தா யாரு ஜாஸ்தி கஷ்டப்படுறாங்களோ அவங்களத்தான் பெட்டி கணக்குல எடுத்துக்கும். அன்னைக்கு அதத்தானே சொல்ல வந்தேன், நீங்கதான் போதும்னுட்டீங்க. அம்மாகிட்ட சொன்னேனே, அம்மா சொல்லலயா?"

சரோசா நின்ற இடத்திலேயே நின்றாள். "இன்னும் பதினேழு நாளுதானே, பாப்பா" என்றாள். "சொல்லாம இருந்திருக்கக் கூடாதா?"

செல்லையா மெதுவாகத் திரும்பினார். "ஒனக்குத் தெரியுமா?"

"மொத நாளே தெரியும்."

"நான் திட்டுனது?"

"எதுக்குத் திட்டுறீங்கன்னு ரெண்டாவது திட்டுலயே தெரிஞ்சு போச்சு. வெல்ல டப்பாவுக்குத் திட்டுனது நெசத் திட்டு. கழனித்தண்ணின்னது பொய்த் திட்டு. இத்தன வருசம் வாங்கியிருக்கேன், வித்தியாசம் தெரியாதா?"

"பொறவு ஏன்டி வாய மூடிக்கிட்டு இருந்த?"

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"சொன்னா நிறுத்திடுவீங்க. நிறுத்துனா பைப் ஆறிடும்." முந்தானை நுனியை விரலில் சுற்றினாள். "நீங்க வேதனப்படுறது தெரிஞ்சுதான் இருந்துச்சு. பாத்துக்கிட்டேதான் இருந்தேன். எனக்கும் உசுரோட இருக்கணும்னு ஆசையா இருக்குங்க."

ரெஜினா திரையைக் கம்பளிக்குள் செருகிக்கொண்டாள்.

"மேகலாவப் பத்திச் சொன்னது?" என்றார் செல்லையா.

"அது வலிச்சுச்சு. பொறவு நீங்க ஒரு மணி நேரம் செவுத்தப் பாத்துக்கிட்டு நின்னதப் பாத்தப்ப அதுவும் போயிருச்சு."

அவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வயதான மனுசனை ஒரு மாசம் விறகாக வைத்து எரித்திருக்கிறாள். வரவில்லை. இவள் அழவில்லை. இத்தனை நாளும் ஒருநாள்கூட உடைந்துபோகவில்லை. அந்த நினைப்பு சுடுதண்ணீர் மாதிரி நெஞ்சுக்குள் இறங்கியது. தோளிலிருந்து தேயிலை மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

தலைக்கு மேலே 'டிக்' என்று சின்னச் சத்தம். ஒரு விளக்கு அணைந்தது.

மூன்று பேரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

"ஏம்மா பொண்ணு, இத எப்பிடியாச்சும் ஏத்தி வெச்சிட்டுப் போ" என்றார் செல்லையா. அவர் யாரிடமும் கெஞ்சினதில்லை. "ஒரு திருகுதானே. இளைப்புக்காரி இருக்கா, நீயே பாக்கற. டேனியல் வீட்டுக்கும் சேத்துத் திருகிவிடு."

"வால்வே இல்லீங்கய்யா. எல்லாம் பெட்டிதான். நான் எழுதிக் கொடுத்தாலும் அது கேக்காது." ரெஜினா தரையைப் பார்த்தாள். "மனுசன் கை படக்கூடாதுன்னு நீங்கெல்லாந்தானே மனுக் கொடுத்தீங்க."

அவர் தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டார்.

ரெஜினா போன பிறகு கதவைச் சாத்திச் சாக்கைச் சந்தில் செருகினார். பைப்பில் புறங்கையை வைத்தார். அறுபது. வருத்தப்பட வேண்டும் என்று உட்கார்ந்தார். அம்மா செத்ததை நினைத்தார், முப்பது வருசம் ஆகிவிட்டது, வரவில்லை. மேகலா வாசலில் நின்றதை நினைத்தார். அது வந்தது. ஆனால் இந்தப் பக்கம் திரும்பினால் சரோசா நல்லபடியாக உட்கார்ந்திருந்தாள், அதைப் பார்த்ததும் போய்விட்டது. டேனியலின் இருமலை நினைத்தார். சுவருக்கு அந்தப் பக்கம் பைப் சூடாகிக்கொண்டிருக்கும், இருமல் குறையும் என்று எண்ணம் ஓடியது, அதுவும் நிம்மதியாகத்தான் முடிந்தது. ஐம்பது.

"ஏய், நீ என்னையத் திட்டு" என்றார்.

"எது?"

"திட்டுடி. நல்லா ஒறைக்கற மாதிரி. நீ இத்தன வருசமா மனசுல வெச்சிருக்கற எல்லாத்தையும் சொல்லு. சீக்கிரம், ஆறுது."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்து தொண்டையைச் செருமினாள். "நீங்க... நீங்க ஒரு..." யோசித்தாள். "தாயத்துல சீட்டிங் பண்ற ஆளு."

"இதெல்லாம் ஒரு திட்டா?"

"வரமாட்டேங்குதுங்க."

"அப்ப முக்காடாச்சும் போட்டுக்க. அந்தத் தோளு குலுங்குனாலே எனக்குத் தாங்காது. நீ அழலன்னு தெரிஞ்சாலும் ஒருவேளை..." அவர் நிறுத்தினார். "இரு. அழலன்னா அந்தத் தோளு எதுக்குக் குலுங்குச்சு?"

சரோசா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"கேக்கறேன்ல?"

"பட்டாணி" என்றாள்.

"என்னாது?"

"மடியில பட்டாணி வெச்சிருந்தேன். மென்னுக்கிட்டு இருந்தேன்."

செல்லையா அவளையே பார்த்தார். சுவரில் தலையை முட்டிக்கொண்டு தான் நின்ற ஒரு மாசம் முழுக்க, முதுகுக்குப் பின்னால் ஒருத்தி முக்காட்டுக்குள் பச்சைப் பட்டாணி தின்றுகொண்டிருந்திருக்கிறாள். உதட்டைக் கடித்துப் பார்த்தார். மீசை துடித்தது. "சிரிக்காதீங்க, அய்யோ, சிரிக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டே அவளும் ஆரம்பித்தாள். அவர் கையால் அவள் வாயைப் பொத்தினார். பொத்தின கைக்குள் அவள் இன்னும் அதிகமாகக் குலுங்கினாள். இரண்டு கிழடும் கட்டிலில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தன.

'டிக்.' கொஞ்ச நேரத்தில் இன்னொரு 'டிக்.' பெட்டி இருட்டாகிவிட்டது.

செல்லையா கடைசிச் சூட்டில் தேயிலைப் பையை உருட்டி எடுத்து அவள் மார்பில் வைத்து, இரண்டு கம்பளியையும் அவள் மேல் போர்த்தி, தானும் பக்கத்தில் நுழைந்துகொண்டார். முப்பது இருக்கும். அதற்குக் கீழே அவர் கைக்குக் கணக்குத் தெரியாது. தேயிலைக்கு அந்தச் சூட்டில் வேலை இல்லை.

சிரிப்பு அடங்கும்போது அவளுக்கு இருமல் வந்தது. இருமல் நின்றதும் மூச்சின் அடியில் அந்த விசில் கேட்டது. அவர் முதுகை நீவிவிட்டார். பம்ப்பை எடுத்து ஆட்டிப் பார்த்தார், உள்ளே ஒன்றும் அலையவில்லை. விசில் கூடியது. அவள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

தலைக்கு மேலே ஒரு விளக்கு எரிந்தது. அப்புறம் இரண்டாவது. பைப்புக்குள் தண்ணீர் ஏறி வருகிற சத்தம் கேட்டது.

இது யாருடைய விளக்கு, தன்னுடையதா அவளுடையதா என்று பார்க்க அவர் தலையைத் தூக்கவில்லை. நீவிக்கொண்டே இருந்தார்.